ப்ரீ-ஆம்ப் எது எடுக்கலாம்? வால்யூமைத் தொட்டாலே அலறுது

ரீங்காரம்:
வணக்கம். 2 வோல்ட் அவுட்புட் தர்ற டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலா மாத்துற பெட்டி), 8 ஓமுக்கு 60 வாட் பவர் ஆம்ப், சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். நடுவுல, வால்யூம் வைக்க, நண்பர் கொடுத்த வால்வு ப்ரீ-ஆம்ப். வால்யூம் எட்டு மணி நிலையைத் தாண்டினா காது கிழியுது. ராத்திரி மெதுவா வச்சா பாட்டு இடது பக்கமே சாயுது. பாட்டு நின்னதும் 'ஸ்ஸ்'னு இரைச்சல். பேஸும் மெலிஞ்சு கிடக்கு. நல்ல ப்ரீ-ஆம்ப் மாடல் ஒண்ணு சொல்லுங்க. அடுத்து டர்ன்டேபிளும் வாங்கணும்.

சாலிடர்காரன்:
மாடல் அப்புறம். ரெண்டு ஆம்புக்கும் கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குதுங்கிறது) எவ்வளவு, பவர் ஆம்ப் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வர்ற சிக்னலுக்கு அது காட்டுற தடை) எவ்வளவு? மேனுவல்ல பாருங்க.

ரீங்காரம்:
பவர் ஆம்ப் 28 டெசிபல், இன்புட் 10 கிலோ ஓம். ப்ரீ-ஆம்ப் 18 டெசிபல். அதோட சர்க்யூட் படத்துல அவுட்புட் கெபாசிட்டர் 0.22 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு.

சாலிடர்காரன்:
எல்லாம் இதுலயே இருக்கு. 8 ஓம்ல 60 வாட்னா சுமார் 22 வோல்ட். 28 டெசிபல்னா 25 மடங்கு. அதாவது 0.9 வோல்ட் உள்ளே போனாலே உங்க பவர் ஆம்ப் உச்சத்துக்குப் போயிடும். டாக் தர்றதே 2 வோல்ட், அதை ப்ரீ-ஆம்ப் இன்னும் 8 மடங்கு பெருக்குது. அலறாம என்ன செய்யும்?

சாயறதும் இதனாலதான். சாதா வால்யூம் கன்ட்ரோல்ல இடது, வலதுக்கான ரெண்டு டிராக்கும் அடிமட்டத்துல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. நீங்க அங்கேயேதான் குடியிருக்கீங்க. பேஸ் கதை வேற. அந்த கெபாசிட்டரை 100 கிலோ ஓம் இன்புட்ல மாட்டினா பேஸ் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். உங்க 10 கிலோல மாட்டினா 70 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே 3 டெசிபல் விழுந்துடும்.

வால்வுப்பித்தன்:
உடனே வால்வைத் தூக்கிப் போடச் சொல்லாதீங்கப்பா! 12 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற சின்ன இணைப்பு) ஒரு ஜோடி போட்டுப் பாருங்க, வால்யூம் மேலே ஏறும்.

சாலிடர்காரன்:
போடலாம். ப்ரீ-ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவுல போட்டா இரைச்சலும் சேர்ந்து குறையும், முன்னாடி போட்டா குறையாது. எங்க போட்டாலும் பேஸ் திரும்பாது.

ரீங்காரம்:
அப்போ பாஸிவ் (பெருக்கமே இல்லாத வெறும் வால்யூம் கன்ட்ரோல்) போதுமா? டாக்லயே வால்யூம் இருக்கு, நேரா பவர் ஆம்புக்கே கொடுத்துட்டா?

சாலிடர்காரன்:
நேரா கொடுத்தா சத்தம் சுத்தமா வரும். ஆனா ஏதோ ஒரு நாள் டாக் முழு வால்யூம்ல எழுந்திரிச்சா ட்வீட்டர் போச்சு. பாஸிவ்ல 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலோட அவுட்புட் இம்பீடன்ஸ் நடுவுல 2.5 கிலோ வரை ஏறும். வாங்குற இன்புட் அதைப்போல பத்து மடங்காவது இருக்கணும். உங்களுக்கு நாலு மடங்குதான். ஓடும், ஆனா நான் எடுக்க மாட்டேன்.

பேரைப் பார்த்து வாங்காதீங்க. கெயின் 0-லிருந்து 6 டெசிபலுக்குள்ள, அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓம், ரெண்டு மூணு லைன் இன்புட். இது இருக்கிற டிரான்சிஸ்டர் ப்ரீ-ஆம்ப் எதுவும் சரி, பஃபர் (பெருக்காம, அவுட்புட் இம்பீடன்ஸை மட்டும் குறைக்கிற சர்க்யூட்) மட்டும் இருந்தாலும் சரி.

ரீங்காரம்:
டர்ன்டேபிளுக்கு போனோ இன்புட்?

சாலிடர்காரன்:
அதுக்காக ப்ரீ-ஆம்பைத் தேடாதீங்க. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (டர்ன்டேபிள்ல ஊசி இருக்கிற பாகம்) தர்றது சுமார் 5 மில்லிவோல்ட். அதுக்குத்தான் நிஜமாவே 40 டெசிபல் பெருக்கமும் ஆர்ஐஏஏ திருத்தமும் (ரெக்கார்டுல குறைச்சுப் பதிஞ்ச பேஸை மீட்டு, கூட்டிப் பதிஞ்ச ட்ரெபிளைக் குறைக்கிறது) வேணும். 47 கிலோ ஓம் இன்புட் உள்ள போனோ ஸ்டேஜ் தனியா வாங்கி, லைன் இன்புட்ல சொருகிக்குங்க.