உதவி: மைக் ட்ரவுட்டை 22 டாலருக்கு கீப்பராக வைக்கலாமா?

கடைசி_இன்னிங்ஸ்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலக ஃபேண்டஸி பேஸ்பால் லீக்கில் (நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் ஆட்டக் கணக்கை வைத்துப் போட்டியிடுவது) 12 அணிகள், அணிக்கு 260 டாலர், ரோட்டோ முறை (ஹோம் ரன், ஸ்டீல், ஆவரேஜ் என ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்தி, அந்த இடத்துக்கேற்பப் புள்ளி). 2026 சீசனுக்கான கீப்பர் பட்டியலை (மறுபடி ஏலத்துக்கு விடாமல் வைத்துக்கொள்ளும் வீரர்கள்) வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஏஞ்சல்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர் ட்ரவுட் என்னிடம் 22 டாலரில் இருக்கிறார். 2012-ல் ரூக்கியாக 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (அடுத்த பேஸைத் திருடி ஓடுவது) எடுத்தாரே, அன்றிலிருந்து அவர் ஆட்டம் என்றால் எனக்கு உயிர். 2025-ல் 130 ஆட்டத்தில் 26 ஹோம் ரன் அடித்திருக்கிறார், விட மனம் வரவில்லை. ஆனால் ஆவரேஜ் (பேட் செய்த முறைகளில் ஹிட் அடித்த விகிதம்) .232. வரும் ஆகஸ்டில் 35 வயது முடிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

யூட்டிலிட்டி_இடம்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் லீக்கில் பேட்டிங் ஆவரேஜா, ஆன் பேஸா (ஹிட் இல்லாமல் பேஸை அடைவதையும் சேர்க்கும் விகிதம்)? ஐ.எல். (காயப் பட்டியல்) இடம் எத்தனை?

கடைசி_இன்னிங்ஸ்:
ஆவரேஜ்தான். ஐ.எல். இடம் இரண்டு.

யூட்டிலிட்டி_இடம்:
அப்படியானால் விலை கூடுதல். ஆன் பேஸ் லீக்காக இருந்தால் அவருடைய .359 உங்களைத் தூக்கிவிடும். இன்னும் நிறைய வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) எடுக்கிறார். உங்கள் லீக்கில் அந்த வாக் எல்லாம் வீண்.

கணக்கைப் பாருங்கள். அவர் 456 அட்-பேட்டில் (வாக் நீங்கலாக பேட் செய்த முறைகள்) 106 ஹிட். அதே இடத்தில் .260 அடிக்கும் சாதாரண ஆள் இருந்தால் சுமார் 119. பதிமூன்று ஹிட் குறைகிறது. அணிக்கு மொத்தம் 6,500 அட்-பேட் என்று வையுங்கள், ஆவரேஜ் .002 இறங்கும். போன சீசன் முடிவில் உங்கள் லீக் அட்டவணையில் இந்த .002-க்குள் எத்தனை அணிகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். மூன்று அணி இருந்தால் மூன்று புள்ளி போச்சு.

பழைய_கையுறை:
ஆவரேஜை விட எனக்குப் பெரிய கவலை ஸ்டீல். 2016-ல் 30 எடுத்தவர், 2025-ல் இரண்டே இரண்டு. 2023-ல் பேஸைப் பெரிதாக்கி, பிக்-ஆஃபுக்கும் (பேஸில் நிற்பவரை அவுட்டாக்க பிட்சர் எறிவது) வரம்பு வைத்த பிறகு, முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த மொத்த ஸ்டீல் 3,503 ஆகிவிட்டது. எல்லோரும் ஓடும்போது ஓடாத ஆளை வைத்திருப்பது முன்னைவிட அதிகமாக வலிக்கும்.

காயமும் இருக்கிறது. 2021 முதல் 2024 வரை 36, 119, 82, 29 ஆட்டங்கள். நான்கு சீசனின் மொத்தம் 648-க்கு 266 தான். கெண்டைக்கால், முதுகு, கை எலும்பு, முழங்கால் என்று ஒவ்வொரு முறையும் வேறு இடம். அதனால்தான் 130 ஆட்டத்தை வழக்கமாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

யூட்டிலிட்டி_இடம்:
இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணா. அவர் இல்லாத நாளில் அந்த இடம் காலியாக இருக்கப் போவதில்லை. ஐ.எல்.-இல் போட்டுவிட்டு வேறு ஆளை எடுப்போம். 100 ஆட்டம் ட்ரவுட், 62 ஆட்டம் ஒரு சுமாரான அவுட்ஃபீல்டர், இரண்டையும் கூட்டித்தான் விலை போட வேண்டும். உண்மையில் தொல்லை தருவது, வலிக்கிறது என்று நான்கு நாள் உட்கார்ந்திருப்பார், ஐ.எல்.-க்கும் போகமாட்டார். வாராந்தர லைன்-அப் லீக்கில் அது தலைவலி.

பழைய_கையுறை:
அதுவும் சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், நெல்சன் குரூஸ் நினைவிருக்கிறதா? 2019-ல் 120 ஆட்டத்தில் 41 ஹோம் ரன். வயதைப் பார்த்து எல்லோரும் ஒதுங்க, வாங்கியவர்கள் பலன் பார்த்தார்கள். 2021-ல்கூட 32. அடுத்த ஆண்டே 10. வயதானவர் படிப்படியாகத்தான் இறங்குவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதனால் கிழவரை மலிவாக வாங்கலாம், முழு விலை கொடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று: 2025-ல் காயத்திலிருந்து திரும்பிய பின் ட்ரவுட் பெரும்பாலும் டி.எச். (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும்) ஆகத்தான் ஆடினார். உங்கள் லீக் விதிப்படி அவுட்ஃபீல்ட் தகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யூட்டிலிட்டி இடம் (எந்த பேட்டரையும் போடக்கூடிய இடம்) அடைபட்டுவிடும்.

கடைசி_இன்னிங்ஸ்:
பார்த்துவிட்டேன். எங்கள் விதிக்கு 20 ஆட்டம் போதும், அவுட்ஃபீல்ட் தகுதி கிடைக்கிறது. ஆனால் ஆவரேஜ் அட்டவணையில் .002-க்குள் எனக்குக் கீழே நான்கு அணிகள்! பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிட்டேன், கை நடுங்கியது. ஏலத்தில் 11 டாலர் வரை கேட்பேன், அதற்கு மேல் ஒரு டாலர்கூடப் போகமாட்டேன். இருவருக்கும் நன்றி.