ரிஃப்: மடக்கா, கட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

பிடித்த ஆல்பங்களைப் பற்றி ஒரு வாரமாக எல்லோரும் எழுதி வருகிறோம். படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. ஒரு சொல் மட்டும் எந்த மடலிலும் தமிழுக்கு வராமல் நிற்கிறது: ரிஃப், அதாவது பாட்டைத் தாங்கி நிற்கும் சிறு சுரத்துண்டு. ஹெவி மெட்டல் என்னும் முரட்டு மின்கிட்டார் இசைவகையைப் பற்றிப் பேசுகிறவருக்கு அந்தச் சொல் இல்லாமல் நான்கு வரி தாண்ட முடியாது. இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு, பாடல்களோடு வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

> முதலில் ஹெவி மெட்டலையே 'கன உலோக இசை' என்று சொல்லிவிடலாமே?

வேண்டாம் என்பது என் கருத்து. கன உலோகம் என்றால் ஈயம், பாதரசம், காட்மியம். வேதியியலில் வேரூன்றிவிட்ட சொல் அது. ஜாஸ், கஜல், கவ்வாலி என்று இசைவகைகளின் பெயர்களை அப்படியேதான் எழுதுகிறோம். பெயர் பெயராகவே இருக்கட்டும். கலைஞர் கையால் செய்கிற வேலைக்கும் நம் காதில் விழுகிற பொருளுக்கும்தான் தமிழ் வேண்டும்.

> ரிஃப் = பல்லவி. திரும்பத் திரும்ப வருவதுதானே?

பல்லவி பாடப்படுவது, சொல்லோடு சேர்ந்தது. ஆங்கிலப் பாட்டிலும் அதற்கு ஈடாக ஒரு பகுதி உண்டு. அது ரிஃப் அல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், "பல்லவி முடிந்ததும் பல்லவி வருகிறது" என்று எழுத நேரும்.

> சங்கதி?

சங்கதி ஒரே வரியை ஒவ்வொரு முறையும் மெருகேற்றிப் பாடுவது. மாறுவதுதான் அதன் அழகு. ரிஃப்பின் அழகு மாறாமல் நிற்பதில்.

> மடக்கு. தண்டியலங்காரத்தில் வருகிற அதே மடக்கு. வந்த எழுத்துத் தொடரே மறுபடி வந்து வேறு பொருள் தருவது.

இந்தப் பரிந்துரையைக் கண்டதும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இரண்டு நாள் இதையே மனத்தில் போட்டுப் பார்த்தேன். பாட்டின் தொடக்கத்தில் கேட்ட ரிஃப், நடுவில் கிட்டார் தனி ஆவர்த்தனம் முடிந்து திரும்பி வரும்போது வேறு பொருளோடுதான் வருகிறது. அந்த உணர்வை 'மடக்கு' அப்படியே பிடிக்கிறது. ஆனாலும் ஒரு தடை இருக்கிறது. அதைச் சொல்ல மூன்று ஆல்பங்களுக்குப் போக வேண்டும்.

முதலாவது, பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13. தொடக்கப் பாட்டில் முதலில் மழை, இடி, மணியோசை. அதன் பிறகு கிட்டாரில் மூன்றே சுரம். ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அவ்வளவுதான். பஞ்சமத்தில் போய் நின்றிருந்தால் காது நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அரைச்சுரம் முன்னாலேயே நிறுத்தி நடுங்கவிடுகிறார்கள். இந்த மூன்று சுரத்தின்மேல்தான் பாட்டின் பெரும்பகுதியும் மெதுவாக நகர்கிறது. வேகம் பிறப்பது கடைசிப் பகுதியில். ரிஃப்பை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை, வெறும் சொற்கள்தான் மிஞ்சும்.

அதை மீட்டிய டோனி அயோமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஆலை ஒன்றில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், 17 வயதில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைக்காரர், வலது கையால்தான் தந்தியை அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். அந்தத் தளர்வில் பிறந்த கனத்தைத்தான் இன்றைக்கும் எத்தனையோ குழுக்கள் தேடிப் போகின்றன. (பிடித்த ஆல்பத்தில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்வது இதைத்தான்.)

இரண்டாவது, டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்', 1972. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பைச் சுரப்படுத்திப் பாருங்கள்:

ச க ம | ச க ம ம | ச க ம | க ச

காந்தாரம் இங்கே சாதாரண காந்தாரம். மத்திமம் சுத்தம், இரண்டாம் துண்டில் மட்டும் பிரதி மத்திமத்தைத் தொட்டுவிட்டு உடனே சுத்த மத்திமத்துக்கு இறங்குகிறது. இரண்டு மத்திமமும் ஒட்டி ஒட்டி வருகிற அந்த ஒரு கணம்தான் உயிர். அதை மழுப்பி வாசித்தால் ஏதோ ஒன்று குறைகிறது என்று இசை தெரியாதவருக்கும் புரிந்துவிடும். கடைசித் துண்டு 'க ச' என்று ஷட்ஜத்தில் வந்து விழுந்ததும், அடுத்த சுற்றுக்கான முதல் சுரம் கையில் தயாராக இருக்கிறது. முடிவு தொடக்கத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இதை ஒற்றைச் சுரமாக வாசிக்காமல், ஒவ்வொன்றோடும் கீழே நான்காம் சுரத்தைச் சேர்த்து இரண்டு தந்தியையும் விரல்களால் ஒன்றாகச் சுண்டுகிறார். கிட்டார் தனியாகத் தொடங்க, மற்ற கருவிகள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொள்கின்றன. பாடகர் வருவது கடைசியில்.

மூன்றாவது, மெட்டாலிக்கா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', 1986. என் தடை இங்கேதான். எட்டு நிமிடத்துக்கும் மேலான அந்தத் தலைப்புப் பாட்டில் ரிஃப்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சில பலமுறை வருகின்றன. சில பாலம்போல ஓரிடத்தில் வந்து கடந்து போகின்றன, திரும்புவதில்லை. திரும்பி வராததை மடக்கு என்று எப்படி அழைப்பது? மேலும் அந்தக் குழுவினர் ரிஃப்களைத் தனியே நாடாவில் பதிந்து சேர்த்துவைத்து, அவற்றிலிருந்து எடுத்துத்தான் பாட்டமைத்தார்கள். அதாவது பாட்டுக்கு முன்பே ரிஃப் இருக்கிறது. மீள்வது அதன் பழக்கம். தாங்குவது அதன் தொழில். பெயர் தொழிலிலிருந்து வர வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: சுரக்கட்டு.

பரதத்திலும் மிருதங்கத்திலும் 'சொற்கட்டு' நமக்குப் பழகிய சொல். தனித்தனிச் சொற்கள் தாளத்தில் இறுகி ஒரு பொருளாவது சொற்கட்டு என்றால், தனித்தனிச் சுரங்கள் தாளத்தில் இறுகி ஒரு பொருளாவது சுரக்கட்டு. வினையும் தயாராக இருக்கிறது. மெட்டுக் கட்டுகிறோம், அதேபோல் ரிஃப்பையும் கட்டலாம். "அயோமி கட்டிய சுரக்கட்டு" என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

> 'சுரவரிசை' என்று எளிமையாக வைக்கலாமே?

வரிசை நீண்டுகொண்டே போகலாம்; அது முடிச்சு விழாத கயிறு. சுரவரிசை என்றதும் காலையில் உட்கார்ந்து சாதகம் செய்யும் பாடம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு சிறு செய்தி. இரண்டு சுரத்தை ஒன்றாக மீட்டும் 'பவர் கார்டு' என்ற கிட்டார் பிடிக்குச் சொல் தேடுகிறவர்களுக்கு 'ச-ப பிடி' போதும். உண்மையில் அது அதுதான். காந்தாரம் கிடையாது. மின்கிட்டாரின் ஒலியை முரடாகத் திரிக்கும்போது, சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஓசைகள் பிறக்கின்றன. காந்தாரம் உள்ளே இருந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கல் ஆகிவிடும். ச-ப என்பது ஏறக்குறைய 2-க்கு 3. கழித்தால் 1. அதாவது கீழ் ஸ்தாயி ச. இரண்டு சுரத்தை மீட்டினால் மீட்டாத மூன்றாவது ஒன்று அடியிலிருந்து எழுந்து வருகிறது. தம்புராவில் ச-ப கேட்டு வளர்ந்த காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அன்புடன்.

---

> அண்ணா, வணக்கம். சுரக்கட்டு பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். வேகமான மெட்டலில் பல ரிஃப்கள் சுரம் நகராமல், கனமான கீழ்த்தந்தி ஒன்றையே உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு தட்டுகின்றனவே? அங்கே கட்டு தாளத்தில்தான் இருக்கிறது, சுரத்தில் இல்லை. 'தந்திக்கட்டு' என்று வைத்தால் என்ன?

தம்பி, நல்ல கேள்வி. நானும் அங்கே தயங்கினேன்.

தந்திக்கட்டு என்றால் கிட்டாருக்குள் அடைத்துவிடுகிறோம். டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கன் என்னும் மின் இசைப்பலகையை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, கிட்டாருக்குச் சமமாக உறுமவிட்டவர். அவர் விரல்கள் வாசித்ததும் ரிஃப்தானே? ஜாஸ் குழுக்களின் ஊதுகருவிகளில் இந்தச் சொல் புழங்கிய பிறகுதான் மெட்டலுக்கு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சுரம் நகராத இடத்துக்கு நம்மிடமே சான்று இருக்கிறது. ஜண்டை வரிசையில் 'சச ரிரி கக' என்று ஒரே சுரத்தை இரட்டிக்கிறோம். இரண்டாம் 'ச' சுரமில்லை என்று யாரும் சொல்வதில்லை, அதில் விழுகிற அழுத்தம்தான் பாடம். அயர்ன் மெய்டன் குழுவின் 'தி ட்ரூப்பர்' கேளுங்கள், 1983-இல் வந்த 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில் இருக்கிறது. ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார் குதிரைப் பாய்ச்சலாக ஓடும். ஒரு நெடில், இரண்டு குறில்: தா-கிட, தா-கிட. ஒரே சுரத்தில் நிற்கும்போதும் அந்தப் பாய்ச்சல் நிற்பதில்லை. தாளம் கட்டுகிற கயிறு, சுரம் கட்டப்படுகிற பொருள். ஒரே பொருளையும் கட்டலாம்.

நீங்கள் சொன்ன அந்த அடக்குதலுக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. 'கையடக்கம்' கைக்குள் அடங்குகிற சிறு பொருளைக் குறித்துவிட்டது, அதனால் ஆகாது. தந்திகள் கிட்டாரின் பாலத்தில் (அவற்றைத் தாங்கும் கட்டையில்) வந்து சேரும் இடத்தில் உள்ளங்கை விளிம்பை வைத்துக்கொண்டு மீட்டுவது அது; தந்தி ஊமையாகிவிடக் கூடாது, கார்வை, அதாவது நீண்டு ஒலிப்பது, மட்டும் அடங்க வேண்டும். 'அடக்கி மீட்டல்' என்று முன்மொழிகிறேன்.

மடக்கு என்ற சொல்லையும் இழக்க எனக்கு மனமில்லை. பாட்டின் முதல் சுரக்கட்டு இறுதியில் திரும்பி வந்து வேறு பொருள் கொள்ளும் இடம் இருக்கிறதே, அந்த இடத்துக்கு 'மடக்கு' என்று வைத்துக்கொள்வோம். அதைப் பரிந்துரைத்த ஐயா ஒப்புக்கொண்டால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.