பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை வாங்க வருவோருக்குக் காட்டும் முன் எதைச் சரிசெய்வது?

சேலையூர்வாசி:
கிழக்குத் தாம்பரத்தில் 1993இல் அப்பா கட்டிய தனி வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். அவர் மறைவுக்குப் பின் அம்மா பெங்களூரில் என்னுடன் இருப்பதால் வீடு பூட்டியே கிடக்கிறது. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மொசைக் தரையும் மங்கிவிட்டது. வீடு முழுக்கப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால்தான் விலை வரும் என்கிறார் தரகர். இடிக்கப்போகிற வீட்டுக்கு ஏன் செலவு என்கிறார் சித்தப்பா. எதைச் செய்வது?

கட்டடப் பொறியாளர்:
மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால், இடித்து அடுக்குமாடி கட்டுபவர்களே பெரும்பாலும் வருவார்கள். அவர்களுக்குப் பெயின்ட் ஒரு பொருட்டே அல்ல. குடியிருக்க வருபவர்களுக்கென்றால், ஓதம் ஏறிய சுவரின் மேல் நேரடியாகப் பட்டி பார்க்காதீர்கள். உப்புப் பூத்து மீண்டும் உப்பிவிடும் என்பதோடு, பழைய வீட்டில் ஒரு சுவர் மட்டும் பளபளத்தால் எவருக்கும் சந்தேகம் எழும். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் கசிகிறதா, சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்ததால் மழைநீர் சுவரோரம் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு, செங்கல் தெரியும்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசினால் போதும். மொட்டை மாடித் தட்டோடுகளின் இடுக்குகளையும் அப்போதே அடைத்துவிடுங்கள்.

வீடு தேடி அலைந்தவர்:
வாங்குபவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் பார்த்த பூட்டிய வீடுகளில் கதவைத் திறந்ததுமே வீசிய சாக்கடை நாற்றம்தான் எங்களைத் திருப்பி அனுப்பியது. குளியலறையிலும் சமையலறையிலும் தரையிலுள்ள வடிகால் பொறியில் (நாற்றம் மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) தண்ணீர் வற்றிவிட்டால் நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வந்துவிடும். ஆள் வரும் முந்தைய நாளே ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, துருநீர் போகும்வரை குழாய்களைத் திறந்துவையுங்கள், ஏனெனில் வருகிறவர் முதலில் குழாயைத்தான் திருகுவார். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தாலும் எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

ஆவணம் பார்ப்பவர்:
பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சொத்துவரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பெயர் மாற்றும் வேலையைப் பெயின்டருக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு அது இல்லாமல் நகராது. ஆடியில் முன்பணம் கொடுக்கப் பலர் தயங்குவார்கள் என்பதால் அந்த மாதத்தை இந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சேலையூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. மனை 1800 சதுர அடிதான். எனவே குடியிருக்க வருபவரை எதிர்பார்த்தே சுவர் வேலையைத் தொடங்குகிறேன். மொசைக்கின் மேல் டைல்ஸ் பதிக்கலாமா?

கட்டடப் பொறியாளர்:
வேண்டாம். கதவுகளின் அடிப்பகுதியை அறுக்க வேண்டிவரும். இயந்திரம் வைத்து மெருகேற்றினாலே அந்தக் காலத்து மொசைக் பளிச்சென்று ஆகிவிடும்; ஆனால் சுவர்ப்பூச்சு வேலை முழுவதும் முடிந்த பிறகே அதைச் செய்யுங்கள்.