புதுப்பிப்பு: 4×4 ஆக்கிய ஃபோர்டு ஈ-350 வேனில் ஸ்டியரிங் உதறல் நின்றது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: என் ஈ-350 வேனுக்கு முன்பக்கம் டானா 60 என்ற கனமான ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) போட்டு ஃபோர் வீல் டிரைவ் ஆக்கிய பிறகு, மணிக்கு 50 மைல் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டயர் பேலன்ஸ் பார்த்ததில் மாற்றமில்லை. புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டு வாரம் தாங்கியது, அவ்வளவுதான். அது உதறலை மறைத்ததே தவிர தீர்க்கவில்லை.

கைகொடுத்தது, "டயர் தரையில் இருக்கும்போதே ஒருவரை ஸ்டியரிங்கை இடம் வலமாக ஆட்டச் சொல்லி, ட்ராக் பாரின் இரண்டு முனைகளையும் பாருங்கள்" என்ற யோசனை. ட்ராக் பார் என்பது முன் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிடித்து வைக்கும் கம்பி. மகள் ஆட்டினாள், நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சேஸிஸ் பக்கப் போல்ட் டக் டக்கென்று நகர்ந்தது. கழற்றினால், பிராக்கெட் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது! தடித்த வாஷரை வெல்டிங் வைத்து, புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) முறுக்கினேன். அப்புறம் யூட்டா மாநிலத்து மோவாப் வரை போய் வந்தேன். 70 மைலிலும் உதறல் இல்லை. 100 மைல் ஓட்டியதும் அந்தப் போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள், எனக்குக் கால் சுற்று ஏறியது.

எதிர்பாராத ஒன்று: வேனில் இப்போது இருக்கும் பெரிய 33 அங்குல டயரால் ஸ்பீடோமீட்டர் 55 காட்டும்போது உண்மையான வேகம் 60.