ஜூலையில் மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் குடும்பத்தோடு காரில்: வழியில் பாலைவனத்தில் வண்டி நின்றால்?

வளவுவாசி, காரைக்குடி

ஆச்சி (அக்கா) வீடு ஓமன் நாட்டு மஸ்கட்டில் இருக்கு. ஜூலை கடைசியில் அப்பச்சி (அப்பா), ஆத்தா, என் பிள்ளைகள் ரெண்டு பேரோட போறோம். அங்கிருந்து சலாலாவுக்குக் கார்லயே போகலாம்னு அத்தான் சொல்றார். பெரியவங்க ஐந்து பேர், பிள்ளைகளுக்கு 9 வயசும் ரெண்டரை வயசும். அப்பச்சிக்கு 71, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. வண்டி ஏழு சீட்டு, நாலு சக்கர இழுவை (4WD) கிடையாது.

1. எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கணும்?
2. வண்டி நின்னுட்டா உள்ளேயே இருக்கணுமா, ஆளைத் தேடி நடக்கணுமா?
3. தும்ரைத் தாண்டி ஷிஸ்ர் பக்கம் மணல்மேடு காட்டுறேன்னு அத்தான் சொல்றார். போகலாமா?

தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

ஊருணிக்கரை, தேவகோட்டை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகாதீங்க. ஷிஸ்ர் ஊர்வரைக்கும் போய் உபார்னு சொல்ற பழைய ஊரோட இடிபாடுகளைப் பார்த்துட்டுத் திரும்பலாம். அதைத் தாண்டி ரூப் அல் காலிங்கிற பெரும் பாலைவன மணலுக்குள்ள, ஜூலை மாசம், ஒத்தை வண்டியில, அதுவும் நாலு சக்கர இழுவை இல்லாம, ரெண்டரை வயசுப் பிள்ளையோட இறங்கக் கூடாது. அத்தான் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. டிசம்பரில் ரெண்டு மூணு வண்டியாச் சேர்ந்து போகச் சொல்லுங்க.

பிரதான சாலை வேற கதை. மஸ்கட், நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத், சலாலா என்று ஏறக்குறைய 1,000 கி.மீ. ஆதமிலிருந்து ஹைமா வரைக்கும் சுமார் 300 கி.மீ. வெறும் பொட்டல். ஆனா அங்கே கரீஃப் காலம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று சலாலா மலையில் சாரலாக விழும் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரையான நாட்கள், வண்டி ஓயாமல் ஓடும். தார் ரோட்டில் நின்னா யாராவது வருவாங்க. உங்களுக்கு வேண்டியது சில மணி நேரத்தைத் தாங்கும் ஏற்பாடு, ஒரு நாளுக்குக் கையிருப்பு.

தண்ணீர்க் கணக்கு: பெரியவருக்கு 5 லிட்டர், பிள்ளைக்கு 3 லிட்டர். 5 பேருக்கு 25, பிள்ளைகளுக்கு 6, ஆக 31. ஒன்றரை லிட்டர் பாட்டில் 12 உள்ள பெட்டி ரெண்டு வாங்கினா 36 லிட்டர் ஆச்சு. இது தவிர 10 லிட்டர் கேனில் சாதாரணத் தண்ணீர், துணி நனைக்கவும் ரேடியேட்டருக்கும். ஒரே பெரிய கேனாகக் கொண்டு போகாதீங்க. உடைஞ்சா எல்லாம் போச்சு. வழியில் குடிக்கிற தண்ணீர் தனி. இந்தப் பெட்டியைத் தொடக் கூடாது.

வண்டி நின்னா நடக்கக் கூடாது. காரணம் கணக்கில் இருக்கு. 45 டிகிரியில் நிழலில் சும்மா உட்கார்ந்தாலே மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் வேர்வையாப் போகும். வெயிலில் நடந்தா ஒரு லிட்டர் போகும். கையில் தூக்கிட்டு நடக்கிற தண்ணீர் நடையிலேயே தீர்ந்துடும். ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக நடந்த பாலைவன ஆராய்ச்சியில் கிடைத்த கணக்கு: பகல் உச்சம் 49 டிகிரி, கையில் தண்ணீரே இல்லை, நிழலில் அசையாமல் இருக்கார் என்றால் ஏறக்குறைய 2 நாள் தாங்குவார். ராத்திரி மட்டும் நடந்து களைச்சுப் போனா அது 1 நாளாச் சுருங்கும். இன்னொன்று: மேலே இருந்து தேடுறவங்களுக்கு வண்டி கண்ணில் படும், ஆள் படமாட்டார்.

தண்ணீரை மடக்கு மடக்கா மிச்சம் பிடிக்கிறதும் வீண். பாட்டிலில் தண்ணீர் இருக்க மனுஷர் சுருண்டு விழுந்திருக்காங்க. குறைக்க வேண்டியது வேர்வையை: பேச்சைக் குறைங்க, பகலில் குழி தோண்டுறது, தள்ளுறது எதுவும் வேண்டாம், சட்டையைக் கழற்றாதீங்க. முழுக்கை சட்டை வேர்வையைக் கொஞ்ச நேரம் உடம்போடு வச்சிருக்கும்.

புதுவயல் மெக்கானிக்

அண்ணன் சொன்னதோடு வண்டிக்கு நாலு வார்த்தை.

டயர்தான் முதல் எமன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா மேல்கட்டை தேயாம இருந்தாலும் மாத்திடுங்க. ஸ்டெப்னியையும் பார்க்கணும், அதைத்தான் யாரும் பார்க்கிறதில்லை. காற்று, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அட்டையில் 'முழு பாரம்' என்ற வரிசையில் உள்ள அளவு. காலையில் வண்டி ஓடுறதுக்கு முன்னாடி பிடிக்கணும். வெயிலுக்குக் காற்றைக் குறைச்சுப் பிடிக்கணும்னு நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. தப்பு. காற்று கம்மியானா டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

சூட்டு முள் சிவப்புக்குப் போனா ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுசா வச்சு, ஓரம் கட்டுங்க. எஞ்சினை அணைச்சு முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. பிறகு துணி போட்டு மூடியைத் திறந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊத்தணும்; ஒரேயடியா ஊத்தினா எஞ்சின் தலை விரிசல் விடும். பல நேரம் ரேடியேட்டர் ஃபேன் ஓடாததுதான் காரணமா இருக்கும், அதனால ஃபேன் ஃப்யூஸும் ரிலேயும் தலா ஒன்னு கூடுதலா வச்சுக்குங்க. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க.

மணலில் சிக்குறது பெரும்பாலும் மணல்மேட்டில் இல்லை. "பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருது" என்று ரோட்டை விட்டு நாலடி இறங்கின இடத்தில்தான். சரளை வரைக்கும் நிறுத்துங்க, அதுக்கு அந்தப் பக்கம் மாவு மாதிரி மணல். சக்கரம் சுத்த ஆரம்பிச்ச உடனே காலை எடுத்துடணும். இன்னும் மிதிச்சா வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துடும். எல்லாரையும் இறக்கிட்டு, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைச்சு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரிட்டு, இழுக்கிற சக்கரத்துக்கு அடியில் கால்மிதியைச் சொருகி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவா எடுக்கணும். கால்மிதி பறந்து வரும், யாரும் பின்னால நிற்கக் கூடாது. வெளியே வந்ததும் 12 வோல்ட் பம்ப்பில் காற்றடிச்சுட்டுத்தான் தார் ரோட்டில் ஓட்டணும்.

சிக்கியிருக்கு, ஆனா எஞ்சின் நல்லா இருக்கு என்றால் ஏ.சி. போட்டு உட்காரலாம், நின்ன நிலையில் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் ஆகும். ஆனா புகைக்குழாய் மணலில் புதைஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. புதைஞ்சிருந்தா புகை உள்ளே வரும். வாசனை தெரியாம ஆளை எடுத்துடும்.

அந்தி சாயறதுக்குள்ள ஓட்டத்தை முடிச்சுக்குங்க. ஒட்டகம் ராத்திரி லைட்டில் தெரியாது, தெரியும்போது அதன் காலை முட்டியிருப்பீங்க, உடம்பு கண்ணாடி மேல விழும். தும்ரைத் தாண்டி மலை இறக்கத்தில் கரீஃப் மூடுபனி வேற.

கண்டனூர் மருந்துக்கடை

தங்கச்சி, அப்பச்சி சாப்பிடுற மாத்திரையில் 'நீர் மாத்திரை' கலந்திருக்கான்னு பாருங்க. ஹைட்ரோகுளோரோதயசைட், ஃப்ரூஸ்மைட், க்ளோர்தாலிடோன் என்று எழுதியிருந்தா அதுதான். அது ஏற்கெனவே உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். நீங்களா நிறுத்த வேண்டாம். இங்கேயே டாக்டரைக் கேட்டு, அந்த நாட்களுக்கு அளவை எழுதி வாங்கிக்குங்க. மாத்திரையோட டாக்டர் சீட்டும் கையில் இருக்கணும், ஓமன் விமான நிலையத்தில் கேட்கலாம். வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது. "எனக்கு வேணாம்த்தா" என்பாங்க. கேட்டுக் கொடுக்காதீங்க, அரை மணிக்கு ஒரு டம்ளர் என்று கையில் கொடுத்துடுங்க. அதுக்காக மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல வெறும் தண்ணியா ஊத்தவும் கூடாது. ரத்தத்தில் உப்பு குறைஞ்சு தலைசுத்தல், வாந்தி, வலிப்பு வரும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ரெண்டு அளவு உண்டு. 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு, நாலு கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பாதி லிட்டரில் கலக்கிக் கொடுத்தா, பிள்ளைக்கு உப்பு ஏறிடும். உங்க ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒரு பெரிய பாக்கெட் போட வேண்டியிருந்தா, முதல்ல அரை லிட்டர் வேற பாட்டிலுக்கு மாத்திடுங்க. பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டருக்குத் தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சின்னவள் வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, ஒன்று ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, அழுதா கண்ணீர் இல்லை என்றால் அதுதான் அபாயம்.

ஆத்தா கண்டிப்பாத் தேன்குழலும் சீப்புச் சீடையும் டப்பா டப்பாக் கட்டுவாங்க. நல்லதுதான், உப்பு இருக்கு. ஆனா தண்ணீர் தட்டுப்பாடான நேரத்தில் டப்பாவைத் திறக்காதீங்க.

வெப்பத்தாக்கு: உடம்பு நெருப்பா இருக்கும், பேச்சு குழறும், கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். அப்போ பாராசிட்டமால் கொடுக்காதீங்க, அது இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. படுக்க வச்சு, 10 லிட்டர் கேனைத் திறந்து உடம்பு முழுக்க நனைச்சு, விடாமல் விசிறணும். ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதுவும் ஊத்தாதீங்க.

ஆத்தங்குடிக் கல்லு

குழி தோண்டி, நடுவில் பாத்திரம் வச்சு, மேலே பாலிதீன் விரிச்சா தண்ணீர் சொட்டுமாமே? ரேடியேட்டர் தண்ணியை வடிகட்டிக் குடிக்கலாம்னும் ஒரு வீடியோவில் சொன்னாங்க.

ஊருணிக்கரை, தேவகோட்டை

தம்பி, அந்தக் குழியில் ஈர மண்ணா இருந்தாலே நாளுக்கு அரை லிட்டர், மிஞ்சினா ஒரு லிட்டர். தோண்டுறவன் அதைவிட அதிகமா வேர்வை சிந்திடுவான். ரேடியேட்டரில் இருக்கிறது எத்திலீன் கிளைக்கால், இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். துணியில் வடிகட்டினா போகாது. கண்ணாடி துடைக்கிற தண்ணியிலும் மெத்தனால் இருக்கலாம், அதைத் துணி நனைக்கக்கூடப் பயன்படுத்தாதீங்க.

நிழல் பற்றி யாரும் சொல்லலை. எஞ்சின் செத்த வண்டி மத்தியானம் அடுப்பு. கதவு எல்லாம் திறந்து விட்டுட்டு வெளியே நிழல் கட்டணும். ஆத்தாவின் கண்டாங்கிச் சேலை ரெண்டு எடுத்துக்குங்க. அஞ்சரை மீட்டர், கெட்டிப் பருத்தி, அதைவிட நல்ல பந்தல் துணி கிடையாது. ஒரு சேலையை வண்டிக்கூரைக் கம்பியில் கட்டி, மறு முனையில் பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி முடிஞ்சு, பையைப் புதைச்சுடுங்க. முளை அடிச்சா மணலில் நிற்காது. அதுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது. ஓட்டுக்கு அடியில் பலகைத் தளம் போட்ட வீட்டில் வெக்கை இறங்காது பாருங்க, அதே வேலைதான். வண்டித் தகரத்தை ஒட்டி உட்காராதீங்க. தரையிலும் வேண்டாம், காற்று 45 என்றால் மணல் 65 தாண்டும். சீட்டைக் கழற்றிப் போட்டு உட்காருங்க.

வளவுவாசி, காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. மணல்மேடு வேணாம்னு ஆச்சிகிட்ட இப்பவே சொல்லிட்டேன். போன் சிக்னல் இல்லைன்னா?

புதுவயல் மெக்கானிக்

மஸ்கட்டில் ஒருத்தர்கிட்ட நேரத்தோட எழுதிக் கொடுங்க: ஹைமா எத்தனை மணி, தும்ரைத் எத்தனை மணி, மூணு மணி நேரம் தாமதமானா 9999-க்கு அவர் சொல்லணும். அது அங்கத்த போலீஸ் நம்பர். வரைபடத்தை முன்னாடியே இறக்கி வச்சா சிக்னல் இல்லாமலும் நீலப் புள்ளி வேலை செய்யும். புள்ளியை அழுத்திப் பிடிச்சா ரெண்டு எண் வரும். 19.95, 56.27 என்றால் ஹைமா பக்கம். அந்த எண்ணோட எஸ்.எம்.எஸ். அனுப்புங்க, பேச்சு போகாத இடத்திலும் அது சில நேரம் போயிடும். ஒரு போனை மட்டும் ஆன் பண்ணி வச்சுட்டு மத்ததை அணைச்சு, நிழலில் வைங்க. வெயிலில் வச்சா சூடேறித் தானா அணைஞ்சுடும்.

பானெட்டைத் தூக்கி வச்சுடுங்க, கூரை மேல சிவப்புக் கண்டாங்கி ஒன்னை விரிச்சுக் கட்டுங்க. அப்படின்னா சேலை மூணு எடுக்கணும்.