ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் தடவை போவது எப்படி? (திருச்சி)

காவிரிக்கரை:
வணக்கம். வயது 41, திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி மட்டும் என்று இருந்த குடி, இப்போது காலையில் கை நடுங்கி, முந்தின நாள் மிச்சம் வைத்ததில் ஒரு வாய் ஊற்றினால்தான் ஷட்டரைத் தூக்க முடியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தாயிற்று, கயிறு கையில் இருக்கும்வரை நிற்கும், அவ்வளவுதான். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சர்ச்சில் நடக்கிறது என்கிறார்களே, மதம் மாறச் சொல்வார்களா? போனதும் எழுந்து பேச வேண்டுமா? கடைக்கு வருகிற ஆள் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

பழைய பாட்டில்:
அண்ணே, நான் சென்னையில் பல வருஷமாகப் போகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தியா என்று தேடினால் அவர்களுடைய தளம் வரும், அதில் ஊர்வாரியாகக் கூட்டங்களும் உதவி எண்களும் இருக்கும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், இடமும் நேரமும் மாறிவிட்டிருக்கலாம், பூட்டின கதவைப் பார்த்தால் அப்படியே டாஸ்மாக் பக்கம் கால் போகும். முதலில் போன் பண்ணுங்கள். எடுக்கிறவரும் ஒரு காலத்தில் குடித்து, பிறகு குடியை விட்டவராகத்தான் இருப்பார், பல சமயம் அவரே வாசலில் வந்து நின்று கூட்டிப்போவார். கூட்டங்களில் திறந்தது, மூடியது என்று இரண்டு வகை உண்டு. மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும், திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்.

சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் வெறும் இடம்தான், சாயங்காலம் ஒரு அறை சல்லிசாகக் கிடைக்கிறது என்பதற்காக. கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், அது ஒன்றுதான் தகுதி. நடுவில் ஒரு பை சுற்றி வரும், அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுகிற காசு அது, புதிதாக வருபவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொருவராகப் பேசுவார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்ல மாட்டார்கள் (நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்). உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிடலாம். தெரிந்த முகம் பற்றிப் பயம் என்றால் ஊரின் மறுகோடியில் நடக்கிற கூட்டத்துக்குப் போங்கள், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள், குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, பேச்சும் வேறு.

நைட் டியூட்டி:
நான் செவிலியர். காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, ஆள் இடம் தெரியாமல் உளறுகிற நிலையும் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது. "மன உறுதி இருந்தால் போதும்" என்று சொல்கிறவர்களை நம்பி வீட்டிலேயே நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு தப்பாகிவிடும். நடுக்கத்தை அடக்க மாத்திரையும் பி1 வைட்டமினும் தருவார்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். போனில் பேச வேண்டுமென்றால் போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம். ஏ.ஏ. நல்லதுதான், ஆனால் அது சிகிச்சை தருகிற இடம் இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

கறுப்புச் சட்டை:
கடவுள் விஷயத்தில் பழைய பாட்டில் கொஞ்சம் பூசி மெழுகிவிட்டார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் பங்குச்சந்தை ஆள் ஒருவரும் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தது இது, அன்றைய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் சாயல் அதில் உண்டு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் பெயர் அடிக்கடி வரும், முடிவில் ஒரு பிரார்த்தனையும் இருக்கும். மதம் மாறச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் எழுதியிருக்கிறது, அந்த அறையில் எனக்கு மேலான சக்தி என்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் என்று சொல்லிக்கொண்டு நாத்திகனாகவே போகிறேன், பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்பேன். எரிச்சலாக இருக்கும் நாட்களும் உண்டு. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போக வேறு ஒரு இடம் கிடைத்தது, எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் விஷயம் தெரியாது, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என் மனைவி தானும் கூட்டத்துக்கு வருகிறேன் என்கிறாள். சாப்பாட்டில் எனக்குத் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு அவளிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறுமணி பஸ்:
தம்பி, அந்த மாத்திரை வேண்டாம் என்று வீட்டில் உடனே சொல்லிவிடுங்கள். அது டைசல்பிராம் என்கிற, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்தாகத்தான் இருக்கும். அது உடம்பில் இருப்பது தெரியாமல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று ஆளே போய்விடக்கூடும். டாக்டர் சொல்லி, நீங்களும் சம்மதித்துச் சாப்பிடுவது வேறு கதை. மனைவி திறந்த கூட்டத்துக்கு உங்களோடு வரலாம். அதைவிட, குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நான் தனியாகப் போக ஆரம்பித்தேன், அவர் விட்டால்தான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்தில் இல்லையென்றால் ஜூமில் நடக்கிறது, தமிழில் உண்டா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் கூட்டமும் அவளுடையதும் ஒரே நாளில் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் முதல் மாதச் சண்டை அதற்குத்தான்.