பழைய தமிழ்ப் பட இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

சேலத்துக்காரன்:
நான் சந்தித்தது டைட்டில் கார்டில்தான். பத்து வயதிருக்கும், தூர்தர்ஷனில் 'மந்திரி குமாரி' (1950). டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. தாத்தா பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கலைஞர் வசனமே போச்சு, இனி என்னத்தப் பாக்குறது" என்று எழுந்து போய்விட்டார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். 'வாராய் நீ வாராய்' வந்தது. எஸ்.ஏ. நடராஜன் மாதுரி தேவியைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார். உச்சிக்குப் போனபிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. கும்பிடுவதுபோல் அவனைச் சுற்றி வருகிறாள், பின்னாலிருந்து ஒரே தள்ளு! ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல் எனக்கு எல்லாம் புரிந்தது. எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழே தெரியாத அமெரிக்கர் என்பது பின்னால் தெரிந்தது. அவர் ஊருக்குக் கிளம்பிவிட, மிச்சத்தை டி.ஆர். சுந்தரம் முடித்தாராம். எது யார் எடுத்தது என்று இன்றும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பாட்டிபேத்தி:
எங்கள் பாட்டிக்கு 'மீரா' (1945) சினிமாவே இல்லை, கோயில். 'காற்றினிலே வரும் கீதம்' வந்தால் கையெடுத்துக் கும்பிடுவாள். எம்.எஸ். முகத்தில் ஒளி எப்படி விழ வேண்டும் என்று பார்க்க, அவரைப்போலவே ஒரு மார்பளவுச் சிலை செய்யவைத்து, அதன்மேல் விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார் டங்கன் என்று படித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரனா எடுத்தான்?" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அவனுக்கும் கண்ணன் தெரிஞ்சிருக்கான்." அதே மனிதர்தான் 'பொன்முடி'யில் காதல் காட்சிகளை எடுத்து வசை வாங்கினார் என்பதை மட்டும் பாட்டியிடம் சொல்லவில்லை!

ஒஹாயோவாசி:
நான் இருப்பது அவர் பிறந்த பக்கம். பார்ட்டன் என்ற சின்ன ஊர், 1909. கல்லூரித் தோழர் மாணிக் லால் டாண்டன் கூப்பிட்டதால் 1935-இல் சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று இந்தியா போனவர், பதினைந்து வருடம் தங்கிவிட்டார். மறு வருடமே 'சதி லீலாவதி', எம்.ஜி.ஆருக்கு முதல் படம். திரும்பி வந்தபின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீலிங் என்ற ஊரில் ஆவணப்படத் தயாரிப்பாளராக இன்னொரு வாழ்க்கை. 2001-இல் காலமானார்.

போன வருடம் வீலிங் போயிருந்தேன். காபிக் கடையில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் டங்கனைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. சேலத்துக்காரர் சொன்ன அதே பாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தேன். கடைச் சத்தத்தில் பாட்டு எங்கே கேட்கும்? பாதி மலை ஏறியதும், "இவன் அந்தப் பெண்ணைத் தள்ளப் போகிறான், இல்லையா?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. விழுந்தது யார் என்று பார்த்ததும் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. என் காபி கொட்டிவிட்டது.